பென்சில் இல்லை, மரக்கரி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய இரும்பாலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில், "புகைப்படம் இவ்வளவு துல்லியமாக இருக்கும் காலத்திலும் சிலர் பென்சிலோடு போய் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறார்கள்" என்று ஒரு வரி. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்பது உங்களுக்குத் தெரியும், என் படங்களை நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள்.

அது பென்சில் இல்லை ஐயா, மரக்கரி. 1709-இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கல்கரியைப் போட்டு இரும்பை உருக்கிக் காட்டும்வரை ஐரோப்பாவில் தாதுவை உருக்கும் ஊதுலைகள் தின்றதெல்லாம் மரக்கரிதான். அந்தக் கரியாலேயே அந்த உலைகளை வரைய வேண்டும் என்றுதான் எட்டு வருடங்களாக ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஜெர்மனியின் ஃபோல்க்லிங்கனில் 6 ஊதுலைகள் வரிசையாக நிற்கின்றன. 1986-இல் அணைந்தவை, 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆலை, இதெல்லாம் கட்டுரையிலேயே இருக்கிறது. முதல் நாள் எனக்கு அங்கே வெறும் குழாய்தான் தெரிந்தது, வரைந்த தாள் முழுக்க நூல் சிக்கல் மாதிரி. உலை உச்சியிலிருந்து வாயுவை இறக்கிக்கொண்டு வருவது அந்தச் சரிந்த தடிக்குழாய், அந்த வாயுவைத் தூசு நீக்கி எரித்துத்தான் உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்கினார்கள் என்று புரிந்துகொண்ட பிறகே, மூன்றாம் நாள், கோடு சரியாக விழுந்தது. நானும் அங்கே நிறைய புகைப்படம் எடுத்திருக்கிறேன், எதுவும் புரியாமலே எடுக்க முடிந்தது.

அப்புறம் வேல்ஸில் பிளேனவன். அங்கே பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்தில் 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்கு முன்னால் பேட்டரி உள்ள எதையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள், போனும் கேமராவும் மேலேயே நின்றுவிடும். கீழே பார்த்த இருட்டை மேலே ஏறி வந்து நினைவிலிருந்து வரைந்தேன். தாள் முழுக்கக் கரியைப் பூசி, ரப்பரால் வெளிச்சத்தை எடுக்க வேண்டியிருந்தது. இதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இந்த இரண்டு ஊர்களையும் தொடர்பில்லாதவை போலக் கட்டுரை எழுதியதும் எனக்கு வருத்தம். பாஸ்பரஸ் மிகுந்த தாதுவிலிருந்து நல்ல எஃகு எடுக்கும் வழியை 1870-களில் தாமஸும் கில்கிறிஸ்டும் சோதித்தது பிளேனவனில். அந்த வழி இல்லாவிட்டால் ஃபோல்க்லிங்கன் தன் பக்கத்து லொரேன் பகுதியின் பாஸ்பரஸ் மிகுந்த தாதுவை வைத்து எஃகு செய்திருக்கவே முடியாது. உங்களுக்குத் தெரியாததல்ல.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் என் ஊதுலைப் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டீர்கள், எழுதினேன், பதில் இல்லை. அடுத்த முறை கறுப்பை ஏற்றியதில் சாம்பல் நிறமெல்லாம் போய்விட்டது. அந்தச் சாம்பல் நிறத்துக்காகக் காற்றில் தாளை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், தூறலில் இரண்டு படங்களை இழந்திருக்கிறேன். போன வருடம் பெயரே போடவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் இந்த ஆலைகளைப் பற்றித் தமிழில் எழுத இடம் கொடுக்கிறீர்களே என்ற நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் பொழுதுபோக்கு என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை.

அடுத்த இதழில் ஒரே ஒரு திருத்தம் போடுங்கள், பென்சில் அல்ல, மரக்கரி என்று. சிறிய எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி