பெரியப்பாவின் டிஸ்னிலாண்ட் படங்கள்: வெள்ளவத்தைத் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

பெரியப்பா கலிபோர்னியாவிலிருந்து அனுப்பின டிஸ்னிலாண்ட் படங்களை ஸ்கான் பண்ணக் கடையில் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர். கொடும், ஆனால் அல்பத்தோடு கொடுக்காதேயும். அவசரத்தில் பிய்த்தெடுத்தால் படத்தின் முதுகு அல்பத்திலேயே நின்றுவிடும்.

உம்மிடம் இருப்பது பசை மட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ரகம். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளபடியே போனில் எடும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பது பிறகு தேவைப்படும். அடுத்ததாக அல்பத்தை ஏசி அறையில் சில மணித்தியாலம் திறந்து வையும். கொழும்பு ஈரக்காற்றில் படத்தின் ஜெலட்டின் படை இளகியிருக்கும், விரல் பட்டாலே அடையாளம் விழும். மெழுகு பூசாத டென்டல் ஃப்ளொஸ் நூலை ஒரு மூலைக்குக் கீழே விட்டு, மட்டையோடு ஒட்டினபடி வாள் அறுப்பதுபோல மெல்ல இழுத்துக்கொண்டு போக வேண்டும். இடையில் இறுகினால் மட்டையை வளையும், படத்தை வளைக்காதேயும். ஹெயார் ட்ரையர் வேண்டாம். பிளாஸ்டிக் தாள் படத்தின் முகத்திலேயே ஒட்டியிருந்தால் அப்படியே விட்டு, அதோடு சேர்த்தே ஸ்கான் பண்ணும்.

ஸ்கானுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு, தானியங்கித் திருத்தம் எல்லாம் நிறுத்தி. பின்பக்கத்தையும் எடும். எழுபதுகளின் சொரசொரப்புக் கடதாசியில் வந்த படங்கள் ஸ்கானரில் தேன்கூடு மாதிரிப் புள்ளி காட்டும், ஏனென்றால் விளக்கு ஒரு பக்கமிருந்தே அடிக்கிறது. படத்தை 180 பாகை திருப்பி இரண்டாம் முறை ஸ்கான் பண்ணி, படம் திருத்தும் மென்பொருளில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேலுள்ளதை 50 சதவீதம் ஊடுதெரியச் செய்தால் புள்ளி பெருமளவு அடங்கும்.

இனி ஆண்டு. வெள்ளை ஓரத்தில் அச்சாகியிருக்கும் மாதத்தை நம்பிவிடாதேயும். அது படம் கழுவின மாதம். ஆடியில் எடுத்த சுருள் நத்தார் வரை கமராவுக்குள் கிடப்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். சவாரிகளைப் பாரும். மட்டர்ஹோர்ன் என்ற செயற்கைப் பனிமலைச் சவாரி திறந்தது 1959இல். அதன் வயிற்றுக்குள்ளால் கம்பிவடத்தில் தொங்கிப்போகும் பெட்டிகள் 1994 நவம்பரோடு நின்றுபோயின. மலையில் ஓடும் வண்டி தனியாக இருந்தால் 1978க்கு முந்தியது. இரண்டு வண்டி கொழுவியிருந்தால் 1978 அல்லது அதற்குப் பிறகு. உயரத்து மேடையில் சுழலும் ரொக்கெற்றுகள் 1967இலிருந்து 1997 வரை. தேநீர்க் கோப்பைச் சவாரி இப்போதுள்ள இடத்துக்கு மாறினது 1983இல். யாருடைய கையிலாவது சவாரிகளுக்குக் கிழித்துக்கொடுக்கும் கூப்பன் புத்தகம் தெரிந்தால் 1982க்குப் பிந்தியிராது. இப்படி இரண்டு தடயம் ஒரே படத்தில் கிடைத்தால் காலம் நன்றாகவே நெருங்கிவிடும். பெரியம்மாவின் சேலைக் கரையை வைத்து ஆண்டு சொல்லும் ஆட்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அதைக் கேட்டு எழுதிவையும், ஆனால் பென்சிலால்.

நிறம் சிவந்துபோனதற்கு வெயில் காரணமில்லை. அல்பத்தின் இருட்டுக்குள்ளேயே சியான் (பச்சை கலந்த நீலச்) சாயம் மங்கிப்போகும், சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். திருத்தும்போது மென்பொருளின் ‘லெவல்ஸ்’ பகுதியில் சிவப்பு நிறப் பிரிவை (ரெட் சானல்) மட்டும் எடுத்து அதன் கறுப்பு முனையை உள்ளே இழுக்கவேண்டும். வெள்ளைக்கு மலையின் பனியை அளவாக வையும், முகங்களை வையாதேயும். கோப்பைச் சவாரியில் ஆட்கள் கலங்கித் தெரிவது சின்னக் கமராவின் மெதுவான ஷட்டரால் வந்தது. கூர்மையாக்கப் போனால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுவதுதான் மிச்சம்.

அல்பத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள கொழும்புக் கார்ணிவல் ராட்டினத்துக்குச் சவாரியை வைத்து ஆண்டு பார்க்கும் வழி சரிவராது, அது ஊர் ஊராகக் கழற்றிப் பூட்டுவது. அங்கே பின்னால் நிற்கும் கார்களைப் பாரும்: இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் 1957க்கு முந்தியதல்ல.

கழற்றின படங்களைப் பொலிப்ரொப்பிலீன் உறையில் போடும். மணக்கிற பிவிசி உறை வேண்டாம். சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் அடைத்து, வெளிச்சுவர் பக்கத்து அலுமாரியைத் தவிர்த்து வையும். ஜெல் நிறம் மாறும் ரகமாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று யோசிக்கத் தேவையில்லை. கோப்புப் பெயரில் ஒற்றை ஆண்டு போடாமல் ‘1978–1982’ என்று இடைவெளியாகவே எழுதும். புதுத் தடயம் கிடைக்கும்போது சுருக்கலாம்.

அன்புடன்,
அண்ணா