நிறம் மாறாத குப்பி: வெளியீட்டுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வெளியீட்டுப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கும் ஏனைய அலுவலர்களுக்கும்,

வணக்கம். வெள்ளத்துக்குப் பின் கிணறு துப்புரவாக்கும் துண்டுப்பிரசுரத்துக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்: கிணற்றில் போடவேண்டிய குளோரின் தூளின் அளவு அதில் தவறாகப் போய்விட்டது. அதை மீள அச்சிடத் தீர்மானித்திருக்கிறீர்கள் என்று சென்ற கிழமை அறிந்தேன். நன்றி. ஆனால், கோவையில் அதற்குக் காரணம் "சிறு அச்சுப்பிழை" என்று எழுதப்பட்டிருக்கிறதாம். அது அச்சுப்பிழை அல்ல. அந்தத் தமிழ்ப் பிரதியை எழுதியவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் மூதூர்ப் பக்கம் ஒரு வளவுக்குப் போனேன். மகாவலி வெள்ளம் கிணற்றுக்கட்டுக்கு மேலால் ஏறி இறங்கியிருந்த வளவு அது. அந்த வீட்டு அக்கா நமது துண்டுப்பிரசுரத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக் கப்பி மரத்தில் கட்டிவைத்திருந்தார். கிணற்றை இறைத்திருக்கிறார், உட்சுவரைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார், நீர் ஊறும்வரை காத்திருந்திருக்கிறார். தூளைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அடையவிட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றியிருக்கிறார். ஒரு படியைக்கூட அவர் தவறவிடவில்லை. "தங்கச்சி, இதில் உள்ளபடியேதான் போட்டேன். ஆனால் மருந்து மணமே வரவில்லையே" என்றார்.

பரிசோதகர் சின்னக் குப்பியில் அந்த நீரை எடுத்து, குளோரின் சோதிக்கும் வில்லையைப் போட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் நீரில் இளஞ்சிவப்பு ஏறவேண்டும். ஏறவில்லை. அக்கா குப்பியைப் பார்க்கவில்லை, கப்பி மரத்தில் கட்டியிருந்த தாளைத்தான் திரும்பிப் பார்த்தார். மூன்று நாளாக அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்.

திண்ணையில் கிடந்த தூள் மூட்டையைப் பார்த்ததும் பரிசோதகருக்கு விளங்கிவிட்டது. அந்த அளவுக் கிணற்றுக்கு 300 கிராம் தூள் என்று தாள் சொல்கிறது. அது 70 வீதம் குளோரின் உள்ள தூளுக்கான கணக்கு. ஊரில் பகிர்ந்தளிக்கப்பட்டதோ 30 வீத வெளிற்றும் தூள். அதே குளோரின் கிடைக்க அதில் 700 கிராம் போடவேண்டும். மூட்டை திறந்தபடி வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்திருந்தால் அதுவும் போதாது. தாளில் இருந்த 300ஐப் பேனாவால் வெட்டி 700 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கொதிக்கவைத்த நீரையே குடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். விறகெல்லாம் நனைந்து கிடந்த வீட்டுக்குச் சொன்ன ஆலோசனை அது.

இந்தத் தவறு எவர் கண்ணிலும் படாமல் போனதல்ல. தொழில்நுட்பச் செம்மையாளராக நீங்களே நியமித்த பொறியியலாளர் என் வரைவின் ஓரத்தில், "எத்தனை வீதத் தூள்? இங்கே களஞ்சியத்தில் இருப்பது 30" என்று குறிப்பு இட்டிருந்தார். அது எனக்கு வந்து சேரவே இல்லை. யுனிகோட்டில் இருந்த கோப்பை அச்சகத்துக்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது, உரையை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஓரக் குறிப்புகள் பழைய கோப்போடு நின்றுவிட்டன. மொத்தம் 11 குறிப்புகள். அவர் பார்த்துவிட்டார் என்று நான் நம்பினேன், நான் திருத்திவிட்டேன் என்று அவர் நம்பினார், இருவரும் பார்த்துவிட்டார்கள் என்று நீங்கள் கையொப்பமிட்டீர்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். எழுதுபவரையும் தொழில்நுட்பச் செம்மையாளரையும் வேலை தொடங்கும் நாளிலேயே ஒரே மேசையில் அமர்த்துங்கள்.

அவரும் நானும் முதன்முதலில் சந்தித்தது பிரசுரம் அச்சாகி ஊருக்குப் போன பிறகுதான். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே பத்து நிமிட நடைதான் இருக்கிறது. திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்தோம். வெளியே மான்கள் வழக்கம்போல வாழைப்பழத் தோலுக்கு அலைந்துகொண்டிருந்தன. ஒரு மணித்தியாலத்தில் 11 குறிப்புகளும் தீர்ந்துவிட்டன. இரண்டு மாதமாக உங்கள் மேசை வழியாகப் போய்வந்த கோப்பு அது.

நான் விட்ட பிழையும் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. வாளியில் எடுத்த குடிநீருக்குக் குளோரின் இட்டபின் "குறைந்தது 30 நிமிடம்" விடவேண்டும் என்று அவர் கொடுத்திருந்தார். வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று நான் அதை "அரை மணித்தியாலம்" ஆக்கினேன். "குறைந்தது" என்ற சொல் போய்விட்டது. கிருமி சாக வேண்டிய நேரமே அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னபோது எனக்கு நெஞ்சு சுட்டது. அதேபோல, நான் எழுதிய "கிணற்றை இறைத்து" என்பதை அவர் "நீரை வெளியகற்றி" என்று மாற்றியிருந்தார். வளவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றதும் உடனே விட்டுக்கொடுத்தார். அளவிலும் செய்முறையின் வரிசையிலும் அவர் சொன்னதே முடிவு, சொல்லிலும் வசனத்திலும் நான் சொன்னதே முடிவு, இரண்டிலும் சேராததைப் பேசித் தீர்ப்பது என்று அங்கேயே ஒப்புக்கொண்டோம். இதற்குச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அப்படியிருந்தும் உங்கள் கால அட்டவணையில் தமிழ்ப் பிரதி எப்போதும் கடைசி நாள் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் வருகிறது. ஆங்கிலப் பிரதிக்குக் கூட்டம் உண்டு, கலந்துரையாடல் உண்டு, மூன்று முறை மெய்ப்பு உண்டு. தமிழுக்கு இருப்பதோ ஒரு தொலைபேசி அழைப்பு: "நாளைக் காலை அச்சகத்துக்குப் போகவேண்டும், பார்த்து அனுப்பிவிடுங்கள்." மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தமிழ்ப் பிரதியைத்தான் கிணற்றடியில் கட்டிவைக்கிறார்கள். அதை எழுதும் எங்களுக்கு, நிபுணரிடம் ஒரு கேள்வி கேட்பதற்குக்கூட மூன்று மேசை தாண்டி அனுமதி வேண்டியிருக்கிறது. இந்த அவமரியாதையைப் பல வருடம் பொறுத்துவிட்டோம். அதன் விலையை அந்த வீட்டுப் பிள்ளைகள் கொடுக்கவேண்டி வந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

கோபம் எழுத்தில் தெரிந்தால் மன்னியுங்கள். உங்கள் பிரிவில் ஆட்கள் குறைவு என்பதும் வெள்ளக் காலத்தில் நீங்கள் இரவிரவாக வேலை செய்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பணமோ புதிய பதவியோ கேட்கவில்லை. ஒரே கோப்பில் இருவரும் வேலை செய்ய விடுங்கள். யார் எதை மாற்றினார் என்பது கோப்பில் தெரியட்டும். எழுத்துருவை மாற்றிய பிறகு வரும் மெய்ப்பையும் எங்களுக்குக் காட்டுங்கள். நாங்கள் இருவரும் கையொப்பமிட்ட பின் எவரும் அதில் கைவைக்க வேண்டாம்.

இரண்டாம் பதிப்பை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன், எங்கள் இருவரையும் ஒன்றாக அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை வர அவர் சம்மதித்திருக்கிறார். நானும் வருவேன். ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போதும். அந்த அக்காவின் தாளிலாவது பேனாத் திருத்தம் இருக்கிறது. பக்கத்து வளவுகளில் இன்னும் 300 என்றுதான் தொங்குகிறது.

இப்படிக்கு,
துண்டுப்பிரசுரத்தின் தமிழ்ப் பிரதியை எழுதியவள்
திருகோணமலை