டெக் பலகை வாங்கும் முன் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் 'வீடு' பக்கத்தில், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்து, முற்றத்திலும் மாடியிலும் தரைக்கு மேல் பாவும் டெக் பலகைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கறையான் அரிக்காது, பாலிஷ் வேண்டாம், மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லை என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னிடம் விசாரிக்க வந்துவிட்டார்கள். செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மூன்று வருடம் முன்னால் அதைப் போட்டதும், போன வருடம் பிரித்து எடுத்ததும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பலகையே மோசம் என்று நான் சொல்லவில்லை. கறையான் விஷயத்தில் நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் சாரல் அடிக்கிற ஊரில் மழைக்குக் கவலையில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

நாங்கள் முதலில் மரம் போடத்தான் நினைத்தோம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் எங்களுடையது, ஆரியங்காவு கணவாய் வழியாகத் தேக்கும் அயனியும் வந்து இறங்கும், என் அப்பா வீட்டு மச்சு இன்னமும் அப்படியே நிற்கிறது. ஆனால் இன்றைய தேக்கு விலைக்கு 200 சதுர அடி என்பது எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைக்காரர் ஒரு பலகையைக் காட்டினார், பார்க்க அச்சு அசல் மரம் மாதிரி இருந்தது, வாங்கிவிட்டோம். மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

முதல் வெயில்காலத்திலேயே சுவர் ஓரத்தில் பலகை மேலே எழும்பியது. அடுத்த ஆனி, ஆடிச் சாரலில் மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. கழுவினால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். மூன்றாவது வருடம் நடந்தால் ஒரு இடத்தில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பலகையை நெம்பித் தூக்கி ஒரு முனையைச் சாய்த்ததும், உள்ளே இருந்த நான்கு பொந்து வழியாகவும் கறுத்த தண்ணீர் கொட்டியது, கூடவே எறும்பு சேர்த்து வைத்த மண்ணும். "டீச்சர், உள்ள பூரா தண்ணில்லா நிக்கி" என்றார். முனையில் சொருகியிருந்த மூடிகள் கழன்று எங்கேயோ போயிருந்தன. அடியில் டைல்ஸ் மேல் விரல் ஆழத்துக்குச் சேறு.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: கடைக்குப் போனால் பலகையின் முகத்தை விட்டுவிட்டு அறுத்த முனையைப் பாருங்கள். டபிள்யூ.பி.சி. (மரத்தூள்-பிளாஸ்டிக் கலவை) என்ற ஒரே பெயரில் வேறு வேறு சாமான் விற்கிறது. வாசல் நிலைக்கும் பாத்ரூம் கதவுக்கும் வருகிற, நுரை மாதிரி இருக்கும் பலகை பெரும்பாலும் பி.வி.சி.தான், அதில் மரத்தூள் கொஞ்சமாகத்தான் இருக்கும், அது வெயிலில் கிடந்து மிதிபடும் டெக்குக்கு ஆகாது. டெக்குக்கென்று வருவதில் மரத்தூளும் பாலிஎத்திலீனும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி, சிலதில் மரத்தூள் இன்னும் கூட இருக்கும். பாதி மரத்தூள் என்றாலே கொஞ்சமாவது தண்ணீர் குடிக்கும், பூஞ்சைக்கும் அதில் சாப்பாடு இருக்கிறது. இதற்காகத்தான் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தே வார்த்து எடுக்கிறார்கள். கேப்டு, கோ-எக்ஸ்ட்ரூஷன் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். வெட்டுமுகத்தில் அந்த உறை ஓரமாகத் தனிக் கோடு போலத் தெரியும். நாலு பக்கமும் இருக்கிறதா, அடிப்பக்கம் திறந்து கிடக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். நான் வாங்கியதில் உறையே இல்லை. உறை இல்லாதது முதல் சில மாதத்திலேயே நிறம் மங்கும், மழையில் காபித் தண்ணீர் மாதிரி ஒரு சாயம் இறங்கிச் சுவரையும் கறையாக்கும், எண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும்.

பொந்து உள்ள பலகை விலை குறைவு, கனமும் குறைவு. மேலே கூரை இருக்கிற சிட்-அவுட்டுக்குப் போதும். திறந்த இடத்துக்கு, அதுவும் தென்காசி, குற்றாலம், புளியரைப் பக்கத்தில், பொந்தில்லாத கெட்டிப் பலகையே வாங்குங்கள் என்பேன்.

பலகையைவிடப் பெரிய விஷயம் அதற்கு அடியில் இருக்கிறது, அதை யாரும் பேசுவதேயில்லை. எங்கள் வீட்டில் மொசைக் தரை மாற்றி டைல்ஸ் போட்டபோதே நல்ல வாட்டம் கொடுத்திருந்தோம், தண்ணீர் மூலையில் உள்ள ஓட்டைக்கு ஓடும். டெக் போட வந்தவர்கள், பலகையைத் தாங்கும் அடிச்சட்டத்தை அந்த வாட்டத்துக்குக் குறுக்கே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு சட்டமும் ஒரு சின்ன அணை! சட்டம் தண்ணீர் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும், அல்லது சின்னத் தாங்கி வைத்து தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். தரைக்கு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் வாட்டமாவது வேண்டும். பக்கவாட்டில் காற்று போக வழி வேண்டும், சுற்றிலும் பட்டி அடித்து மூடிவிட்டால் அடியில் ஈரம் காயவே காயாது. தண்ணீர் போகும் ஓட்டைக்கு மேலே ஒரு துண்டை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி விடச் சொல்லுங்கள், வருடம் ஒருமுறை இலை, மண் எல்லாம் வார வேண்டியிருக்கும். மாடியில் போடுவதாக இருந்தால் நீர்க்கசிவைத் தடுக்கும் வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள், அப்புறம் பார்க்க முடியாது.

சட்டங்களுக்கு நடுவே 400 மில்லிமீட்டர் வரை போகலாம் என்று பல கம்பெனிகள் சொல்லும். எனக்குத் தெரிந்த நல்ல வேலைக்காரர்கள் 300க்கு மேல் போவதில்லை, வெயிலில் இந்தப் பலகை மரத்தைவிட இளகும், இடைவெளி அதிகமானால் நடுவில் தொய்யும். அதே கலவையில் செய்த சட்டத்தையும் சேர்த்து விற்பார்கள், அது தரையில் முழுக்கப் படுத்திருந்தால்தான் தாங்கும். தூக்கிக் கட்டுவதென்றால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்போ அலுமினியமோதான், ஸ்க்ரூவும் பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்.

சுவர் ஓரத்தில் எழும்பியதற்குக் காரணமும் அப்புறம்தான் புரிந்தது. மரம் அகலவாக்கில் உப்பும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது. மர வேலை பழகிய ஆசாரி அதனால் பக்கத்தில் இடம் விடுவார், முனையைச் சுவரோடு இறுக்கி முட்டிவிடுவார். இந்தப் பலகையோ சூட்டில் நீளவாக்கில் வளரும். 2.9 மீட்டர் பலகை விடியற்காலைக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளலாம். முனையில் இடம் இல்லாவிட்டால் அது எங்கே போகும்?

கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 146 மில்லிமீட்டர் அகல, 2.9 மீட்டர் நீளப் பலகை ஒன்று, 5 மில்லிமீட்டர் இடைவெளியோடு சேர்த்து, சுமார் 4.7 சதுர அடி மூடும். 200 சதுர அடிக்கு 43, வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 47. எங்களுக்கு 55 கொடுத்தார்கள், மிச்சத்தைத் திரும்ப எடுக்கவில்லை. சதுர அடி ரேட் என்று சொன்னால் அது பலகைக்கு மட்டுமா, சட்டம், கிளிப், ஓரப்பட்டி, கூலி எல்லாம் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். கெட்டியா பொந்தா, உறை எத்தனை பக்கம் என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பில்லில் 'டெக்கிங் பலகை' என்று மட்டும் இருந்தது, வாரண்டி கேட்டுப் போனபோது அதை வைத்து ஒன்றும் பேச முடியவில்லை. வாரண்டித் தாளையும் கடையிலேயே உட்கார்ந்து படியுங்கள். பெரும்பாலும் பலகைக்குப் பலகை தருவார்கள், பிரித்துப் போடும் கூலி நம்முடையது, அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது சாம்பிள் துண்டுகளை வாங்கி வந்து சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்து வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். சாக்லேட் நிறத்தில் கால் வைக்க முடியாது. நம் வீட்டுக் குழந்தைகள் செருப்புப் போட்டுக்கொண்டா ஓடுகிறார்கள்? இன்னொரு துண்டின் தடிமனை அளந்துவிட்டு ஒரு வாரம் வாளித் தண்ணீரில் முக்கி வைத்து, உப்பியிருக்கிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள்.

கேரளாவில் புனலூரில் என் அக்கா வீட்டில் போன இடவப்பாதிக்கு (அங்கே தென்மேற்குப் பருவமழையை அப்படித்தான் சொல்வார்கள்) முன்னால் இதையெல்லாம் பார்த்துத்தான் போட்டோம். நாலு பக்கமும் உறையுள்ள கெட்டிப் பலகை, வெளிர் சாம்பல் நிறம், ஜி.ஐ. சட்டம் தண்ணீர் ஓடும் திசையில். ஒரு மழைக்காலம் தாண்டியிருக்கிறது. பலா மரத்து நிழல் விழும் மூலையில் மட்டும் லேசாகப் பாசி, சோப்புத் தண்ணீரும் தென்னை நார் பிரஷும் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது. கம்பி பிரஷ் போடாதே, உறை கீறிப்போகும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் 'வீடு' பக்கத்தில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மேல்முகத்தின் படத்தோடு பலகையை அறுத்த முனையின் படம் ஒன்றையும், அடிச்சட்டம் வைத்த படம் ஒன்றையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
செங்கோட்டை