வன்னி மக்களுக்குச் செயலி செய்யும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

செயலி செய்வதற்கு முன் நீங்கள் எங்கள் சனத்தைப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டிக் கேள்வி கேட்கிறீர்கள். 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே எத்தனையோ கேள்விக்கொத்துகள் வந்து போய்விட்டன. வந்தவர் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது சனத்துக்குத் தெரியும்; அதையே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

மானிடவியலாளர் கேட்பதோடு நிற்பதில்லை, கூட இருந்து பார்ப்பார். 1980களில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், ஆட்கள் போட்டோக்கொப்பி இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதை வீடியோ எடுத்து ஆராய்ந்தார். அடுத்து இதைத்தான் செய்வார்கள் என்று இயந்திரத்தைச் செய்தவர்கள் எண்ணியிருந்தார்கள். ஆட்களோ அந்தந்த நேரத்தில் கண்ணில் பட்டதை வைத்தே முடிவெடுத்தார்கள்.

கிளிநொச்சியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் ஒரு காலை முழுக்க இருந்து பாருங்கள். உங்கள் விண்ணப்பத்தை நிரப்புவது கடைப் பெடியன். அம்மா அடையாள அட்டையோடு பக்கத்தில் நிற்பார். உறுதிப்படுத்தும் இலக்கம் ஆடைத்தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளின் போனுக்குப் போகும். அவள் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். உங்கள் கணக்கில் அந்த அம்மா பாதியில் விட்டவர்.

எனக்குப் பொறுக்கவே முடியாதது ஒன்று உண்டு. திருமண நிலை கேட்கும் இடத்தில் மணமானவர், மணமாகாதவர், விதவை, விவாகரத்தானவர் என்று நாலு தெரிவு வைக்கிறீர்கள். போர் முடிவில் கணவரை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பெண் எதைத் தொடுவார்? விதவை என்று தொட்டால், அவர் உயிரோடு இல்லையென்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மணமானவர் என்றால் அடுத்த திரை கணவரின் வருமானத்தைக் கேட்கும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமற்போன உறவுகளைத் தேடித் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20இல். அதற்கு முதல் ஆண்டே, காணாமற்போனவர்களுக்கெனத் தனிச் சான்றிதழ் வழங்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதையும் வாங்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கடந்து போக வழி வையுங்கள். இதை மண்டபத்தில் எழும்பி நின்று ஒருவரும் சொல்லமாட்டார். விரல் திரைக்கு மேலே தயங்கி நிற்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் காண்பார்.

ஆகவே ஒரு போகமாவது இங்கே தங்குங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெற்செய்கைக்கு யாருக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகும் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து கேளுங்கள். உங்களுக்காக ஒருவர் வேலையை விட்டு வந்தால் அந்த நாட்கூலியைக் கொடுங்கள். கண்டதை எழுதி, கொழும்புக்குக் கொண்டுபோக முன் அதே சனத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் பிழையென்று சொல்வதைத் திருத்திய பிறகு முதல் திரையை வரையத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒருவர்