கொச்சிக்கு டிக்கெட் போடும் முன் கிழமையைப் பார்: கவிதாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கவிதா,

மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு கொச்சிக்கு ரெண்டு நாள் போய்வர நீ போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். இடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிழமைதான் உதைக்கிறது. வெள்ளி, சனி என்று போட்டிருக்கிறாய். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் யூதர்களின் வழிபாட்டுக் கூடமான பரதேசி சினகாக் வெள்ளி, சனி ரெண்டு நாளும் பார்வையாளர்களுக்குத் திறக்காது; யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். சரி, ஒரு நாள் தள்ளிப் போகலாம் என்றால் ஞாயிறு காலை சர்ச்சுகளில் வழிபாடு நடக்கும், உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது. எனவே செவ்வாய், புதன் அல்லது புதன், வியாழன் என்று மாற்றிவிடு. ஆபீசில் லீவு கேட்பது சிரமம்தான். ஆனால் மாமா ஆசையாகக் கேட்ட ரெண்டு இடமும் பூட்டிக் கிடப்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகக் கூடாது.

மாதமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அவர்கள் வயதுக்குத் தோதான காலம். டிசம்பர் 31 மட்டும் வேண்டவே வேண்டாம். அன்றிரவு ஃபோர்ட் கொச்சியில் போகிற ஆண்டைக் குறிக்கும் பாப்பாஞ்ஞி என்ற கிழவன் உருவத்தை எரிப்பதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். திரும்பிவரப் படகும் கிடைக்காது, வண்டியும் நகராது.

தங்குவதற்கு எர்ணாகுளத்தில் லாட்ஜ் பார்த்திருக்கிறாய். அதை விட்டுவிட்டு ஃபோர்ட் கொச்சியிலேயே ஒரு ஹோம்ஸ்டே எடு. பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி அந்தக் கரையில்தான் இருக்கிறது. பழைய வீடுகளில் மரப்படி செங்குத்தாக இருக்கும். மாமாவின் முட்டிக்குத் தரைத்தள அறைதான் வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடு.

எர்ணாகுளத்திலிருந்து அங்கே போகக் கார் பிடிக்காதே. தோப்பும்படி வழியாகச் சுற்றிப் போகிற சாலை அது, நெரிசலும் அதிகம். தண்ணீர் வழி நேர் வழி. பழைய அரசுப் படகு மிகவும் மலிவு, ஆனால் ஏறும்போது கால் தூக்கி வைக்க வேண்டும், படகும் ஆடும். ஹைகோர்ட் பக்கமிருக்கும் முனையத்திலிருந்து வாட்டர் மெட்ரோ என்னும் புதுப் படகுச் சேவையில் போங்கள். ஃபோர்ட் கொச்சிக்கு அது 2024 ஏப்ரலில் வந்தது. அதன் படகுத்துறை மிதக்கும் மேடை. ஓதத்தோடு அதுவும் ஏறி இறங்குவதால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். முட்டி வலிக்காரர் நடந்தே உள்ளே போய் உட்காரலாம். ஒரு படகில் 100 பேர்தான் ஏற்றுவார்கள். அதனால் சாயங்காலத்திலும் லீவு நாட்களிலும் வரிசை நீளும். காலையிலேயே கடந்துவிடுங்கள்.

முதல் நாள் பத்து மணிக்கு சினகாக்கில் நில். ஒரு மணிக்கு மூடி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் இதுதான் முதலில். 1568-இல் கட்டியது. எல்லாரும் அண்ணாந்து கண்ணாடிச் சரவிளக்குகளைப் பார்ப்பார்கள். நீ தரையைப் பார். வெள்ளையில் நீல வண்ணம் கையால் தீட்டிய சீன ஓடுகள், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. செருப்பைக் கழற்ற வேண்டும். கை இல்லாத சட்டை, அரைக்கால் சட்டை கூடாது. அடுத்து அரண்மனை. போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்து, பிறகு டச்சுக்காரர்கள் செப்பனிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடுதான். ராமாயணச் சுவரோவியங்கள் இருக்கும் படுக்கையறையில் அத்தையை நிதானமாக நிற்க விடு. படம் எடுக்க அனுமதி இல்லை.

ஆட்டோ பேசும்போது, நடுவில் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. கமிஷனுக்காகக் கைவினைக் கடை, மசாலாக் கடை என்று இறக்கிவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும்.

மதியம் தூங்கி எழுந்து புனித பிரான்சிஸ் சர்ச்சுக்குப் போங்கள். வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில் இறந்தபோது புதைத்த இடம் இங்கே இருக்கிறது. எலும்புகளைப் பிற்பாடு போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம் கதகளி. ஆட்டம் ஆறு மணி வாக்கில் தொடங்கும் என்றாலும் ஐந்துக்கே போய்விடு. முகத்தில் பச்சை ஏறி, அரிசிமாவும் காகிதமும் கொண்டு தாடையோரம் சுட்டி என்னும் வெள்ளை விளிம்பை ஒட்டுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கரையில் நிற்கும் பெரிய சீன மீன்வலையை மறுநாள் விடியலுக்கு வைத்துக்கொள். நான்கைந்து பேர் சேர்ந்து இழுக்கிற அந்த வலையின் மறுமுனையில் கயிற்றில் வெவ்வேறு உயரத்தில் கற்கள் தொங்கும். வலை மேலே வர வர ஒவ்வொரு கல்லாக மேடையில் போய் உட்காரும். சுமை சமமாகவே இருப்பதன் சூட்சுமம் அதுதான். ஒவ்வொரு வலைக்கும் தோதான தண்ணீர் ஆழம் வேறு. ஒன்று சும்மா நின்றால் பக்கத்து வலையைப் பார். மேலே ஏறிக் கயிறு இழுக்கக் கூப்பிட்டால், எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஏறு. மீன் வாங்கிப் பக்கத்துக் கடையில் பொரிக்கக் கொடுத்தால் கிலோ விலையையும் சமையல் கூலியையும் தனித்தனியாகக் கேள்.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் கல்லும் குப்பையும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கும், குளிக்க லாயக்கில்லை. கடலில் கால் நனைக்க வைப்பின் தீவின் வடகோடியில் இருக்கும் செராய்க்குப் போங்கள். அறையை மதியம் வரை வைத்துக்கொள்ள முன்கூட்டியே கேட்டுவிட்டு, சாப்பிட்ட பிறகு கார் எடு. வலைகளுக்குப் பக்கத்திலேயே வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகு இருக்கிறது. காரோடு ஏற்றிச் சில நிமிடத்தில் அக்கரையில் விட்டுவிடும். சூரியன் மறைகிற வரை செராயில் இருந்துவிட்டு, கோஸ்ரீ பாலங்கள் வழியாக நேரே எர்ணாகுளம் வந்துவிடலாம். தீவுச் சாலை குறுகல், சாயங்காலம் மெதுவாகத்தான் நகரும். ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே கிளம்பு.

டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று இப்போதே பார்த்து வை. எர்ணாகுளம் ஜங்ஷனை சவுத் என்பார்கள், எர்ணாகுளம் டவுனை நார்த் என்பார்கள். சில ரயில்கள் நார்த்தில் மட்டும்தான் நிற்கும். டிரைவரிடம் சவுத்தா நார்த்தா என்று அவர்கள் சொல்கிற பெயரிலேயே சொல்லு.

அன்புடன்,
உன் அண்ணன்