மூன்று காயில்களையும் மாற்றித் தரக் கோரி ஏற்காட்டிலிருந்து எழுதும் புகார்

அனுப்புநர்:
ஏற்காட்டு வாடிக்கையாளர் (பெயர், வண்டி எண், சேசிஸ் எண் இணைப்பில்)
ஏற்காடு, சேலம் மாவட்டம்

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்

நாள்: 18.06.2025

பொருள்: 1.0 டர்போ பெட்ரோல் காரில் இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வர வோல்டேஜ் கொடுக்கும் பாகம், மூன்று சிலிண்டருக்கும் ஆளுக்கொன்று) பழுதை ஐந்து மாதமாகச் சரிசெய்யாமல் அலையவிட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சேலம் ஷோரூமில் 2022 ஜனவரியில் இந்தக் காரை வாங்கினேன். ஆன்ரோடு விலை 11 லட்சத்துக்கு மேல். வாரண்டியை ஐந்து வருடத்துக்கு நீட்டித்து, அதற்கும் தனியாகப் பணம் கட்டியிருக்கிறேன். வண்டி 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எல்லா சர்வீஸும் உங்களிடம்தான், ஒன்றுகூடத் தவறவில்லை. இந்த என்ஜினைச் செய்தவர்கள் நீங்கள். அதில் எது எப்போது கெடும், எப்படிக் கெடும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் ஏழு முறை மலையிறங்கி வந்த பிறகு இதை எழுத வேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளிவிட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 21ஆம் தேதி காலை உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். 34 நிமிடம். மூன்று பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பேசியவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "மலையில இருக்கிறவங்க டீசல் வண்டி எடுத்திருக்கணும் சார். டர்போ பெட்ரோல நீங்க ஓட்டுற மாதிரி ஓட்டினா இப்படித்தான் ஆகும்" என்றார். சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு லைனை வைத்துவிட்டார். உங்களிடம் அழைப்புப் பதிவு இருக்கும். தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

நான் 26 வருடமாக அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓட்டுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம். எந்த வளைவில் எந்த கியர், எங்கே பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வண்டியை என்னிடம் விற்றவர், "1,500 மீட்டர் உயரத்துல காத்து லேசா இருக்கும் சார், சாதா பெட்ரோல் வண்டி இழுக்கத் திணறும், டர்போ அதை ஈடுகட்டிடும், ஏற்காட்டுக்கு இதுதான் சரியான வண்டி" என்று சொல்லித்தான் விற்றார். அவர் சொன்னது பொய்யில்லை. காயில் நன்றாக இருந்தவரை வண்டி அருமையாக ஏறியது. மூன்று வருடம் ஓட்டிய நானே சொல்கிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

பழுது இதுதான். ஜனவரி 27ஆம் தேதி, ஏழாவது வளைவு தாண்டி ஆக்சிலேட்டரை அழுத்தியபோது வண்டி குலுங்கியது. செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. காலை எடுத்தால் சரியாகிவிடும். மறுபடி ஏற்றத்தில் மிதித்தால் மறுபடி குலுக்கல். சமதரையில் ஒன்றும் தெரியாது. ஐடிலில் நிற்கும்போது சத்தியமாக ஒன்றும் தெரியாது. மறுநாளே உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். பெட்ரோல் சரியில்லை, வேறு பெட்ரோல் பங்க்கில் போடுங்கள் என்றார்கள். 650 ரூபாய்க்கு ஏதோ ஒரு பாட்டில் மருந்தைப் பெட்ரோல் டேங்க்கில் ஊற்றினார்கள். ஸ்கேனரை மாட்டி எரர் கோடுகளை அழித்துவிட்டு அனுப்பினார்கள்.

அந்த அழித்த வேலைதான் இத்தனை மாத அலைச்சலுக்கும் காரணம். மிஸ்ஃபயர் ஆன நொடியில், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போன நொடியில், என்ஜின் என்ன ஆர்.பி.எம்மில் ஓடியது, எவ்வளவு லோடில் இருந்தது, எந்த சிலிண்டர் என்று கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும். அதைப் பார்த்திருந்தால் ஏற்றத்தில், டர்போ அழுத்தம் கூடும்போது மட்டும் வருகிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பிரிண்ட்கூட எடுக்காமல் அழித்தார்கள். அழித்துவிட்டு "இப்ப கோடு எதுவும் இல்ல சார்" என்றார்கள்.

பிப்ரவரி 14 அன்று த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், 2,360 ரூபாய். மார்ச் 10 முதல் 14 வரை வண்டியை உங்களிடமே விட்டுவைத்தேன். ஜாப் கார்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "11 கி.மீ. ஓட்டிப் பார்க்கப்பட்டது. குறை காணப்படவில்லை." எங்கே ஓட்டினார்கள்? ஓமலூர் ரோட்டில். சமதரையில், ஒரே ஆள், ஏசி போடாமல். நான் கையைக் கூப்பிக் கேட்டேன், அடிவாரத்திலிருந்து ஐந்து வளைவு மட்டும் ஏற்றிப் பாருங்கள் என்று. டெஸ்ட் டிரைவுக்கு அவ்வளவு தூரம் அனுமதி இல்லை என்றார் சர்வீஸ் அட்வைசர். மலையில் மட்டும் வரும் நோயை மலையில்தானே பார்க்க வேண்டும்?

ஏப்ரல் 8ஆம் தேதியை நான் மறக்க மாட்டேன். என் அம்மாவுக்கு வயது 74. அன்று சேலத்தில் கண்புரை அறுவை சிகிச்சை முடித்து, கண்ணில் கட்டோடு கூட்டிக்கொண்டு வந்தேன். குலுக்கக் கூடாது, நிதானமாகப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. பதினொன்றாவது வளைவில் வண்டி இழுவை இழந்தது. முதல் கியரில்கூட நகர மறுத்தது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் வரிசையாக வண்டிகள், எல்லாரும் ஹாரன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு "ஐயோ தம்பி, ஐயோ தம்பி" என்றார்கள். அடியிலிருந்து கருகிய நாற்றம். கடைசியில் ஓரம் கட்டி, தோட்டத்துக்காரர் ஒருவரின் ஜீப்பைக் கூப்பிட்டு அம்மாவை ஏற்றி அனுப்பினேன். அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் கம்பெனி முழுவதையும் விற்றாலும் ஈடாகாது.

அந்த நாற்றம் எதனால் என்று உங்களுக்குத் தெரியும். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கன்வர்ட்டருக்கு ஆபத்து, வேகத்தைக் குறைத்து உடனே சர்வீஸுக்கு வாருங்கள் என்று நீங்கள் கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான் வந்தேன். மூன்று முறை வந்த பிறகுதான் இது நடந்தது.

சரி, காயிலுக்கு வருகிறேன். ஏப்ரல் 11 அன்று கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்த மெக்கானிக் தம்பி தன் ஸ்கேனரை மாட்டினார். பி0303 என்ற கோடு வந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். "அண்ணா, மூணாவது காயில எடுத்து ஒண்ணுல போடறேன். ஒண்ணாவத மூணுல போடறேன். மேல ஏறிட்டு வரலாம் வாங்க. கோடு ஒண்ணுக்கு மாறுச்சுன்னா காயிலு. மூணுலயே நின்னுச்சுன்னா பிளக்கோ இன்ஜெக்டரோ, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றுதான் எடுத்தார். இருவரும் ஐந்தாவது வளைவு வரை ஏறினோம். குலுங்கியது. பார்த்தால் பி0301, கோடு ஒன்றாவது சிலிண்டருக்கு மாறிவிட்டது. மாற்றிப் போட்ட வேலை இருபது நிமிடம்கூட இல்லை. என்னிடம் 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் வற்புறுத்திக் கொடுத்தது அது. இரண்டு கோடுகளின் போட்டோவும், வண்டி குலுங்கும் வீடியோவும் இணைத்திருக்கிறேன்.

காரணத்தையும் அவரே புரியும்படி சொன்னார். டர்போ அழுத்தத்தில் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக இருக்கும்போது பிளக் முனையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். வெப்பத்தில் காயிலின் இன்சுலேஷன் விரிசல் விட்டிருந்தால், அந்தச் சமயத்தில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து உலோகத்துக்குக் கசிந்துவிடும். சமதரையில் அந்த அளவு வோல்டேஜ் தேவைப்படாததால் தெரியாது. பிளக் இடைவெளி தேய்ந்து கூடியிருந்தால் காயிலுக்கு இன்னும் பாரம். இதெல்லாம் உங்கள் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களுக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தும் ஏன் என்னை ஓடவிட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஆதாரத்தோடு ஏப்ரல் 16 அன்று வந்தேன். நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். "வெளி ஆள் கை வெச்சுட்டாரு, இனிமே வாரண்டி வராது" என்றார்கள். காயிலைக் கழற்றி மாட்டியது தவிர ஒரு ஒயரைக்கூட அவர் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அந்த எண்ணுக்கு அழைத்ததும், டீசல் வண்டி எடுத்திருக்கணும் என்ற அந்தப் பேச்சும். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஒருவர் தன் கம்பெனி விற்ற வண்டியை வாங்கியதே வாடிக்கையாளர் செய்த தப்பு என்று சொல்லலாமா? அவர் மீது நடவடிக்கை வேண்டும். வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்ட பிறகு மே மாதம் வாரண்டியில் ஒப்புக்கொண்டீர்கள். அதற்கு நன்றி. ஆனால் பார்ட்ஸ் வந்துவிட்டது, உடனே வாருங்கள் என்று எப்போது கூப்பிட்டார்கள்? கோடை விழாக் கூட்டத்தின் நடுவில். கீழே இறங்குகிறவர்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். குலுங்கும் வண்டியோடு அந்தச் சுற்றுப் பாதையில் இறங்கி, காலை ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தேன். மதியம் வரை யாரும் வண்டியைத் தொடவில்லை. மூன்று மணிக்கு வந்து, வந்திருக்கும் காயில் வேறு என்ஜினுடையது, கனெக்டரே சேரவில்லை என்றார்கள். சேசிஸ் நம்பரைப் போட்டாலே சரியான பார்ட் நம்பர் வந்துவிடுமே. நான்கு மணிக்குப் பழைய காயிலோடு, கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து மலையேறினேன். வீடு சேர இரவாகிவிட்டது. இந்த ஐந்து மாதத்தில் மிக வீணாய்ப்போன நாள் அது. ஒரு போன் செய்திருந்தால் போதும்.

ஜூன் 2 அன்று ஒரே ஒரு காயிலை மாற்றினார்கள். மூன்றும் ஒரே நாளில் பொருத்தியவை, ஒரே வெப்பத்தில் ஒரே தூரம் ஓடியவை, மற்ற இரண்டையும் மாற்றிவிடுங்கள், பணம் வேண்டுமானால் தருகிறேன் என்று சொன்னேன். ஒன்றுக்குத்தான் அப்ரூவல் என்றார்கள். பிளக்குகளைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டே நாள். ஜூன் 14 அன்று ஒன்பதாவது வளைவில் மறுபடி அதே குலுக்கல். இம்முறை பி0302, இரண்டாவது சிலிண்டர்.

என் நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மிளகு பறிப்பு நேரத்தில் வண்டி இல்லாமல் வாடகை ஜீப்புக்கு 14 நடை, நடைக்கு 2,200 ரூபாய். நல்ல விலை இருந்த வாரத்தில் சரக்கை இறக்க முடியவில்லை. இந்த வருட மிளகே போய்விட்டது என்றுதான் சொல்வேன். உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் 500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. நிம்மதியை இதில் சேர்க்கவில்லை. இப்போதும் வளைவு வந்தாலே அம்மா கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

நான் சண்டைக்காரன் இல்லை. தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள். மூன்று காயில்களும் புதிதாக, வாரண்டியில். கூடவே உங்கள் என்ஜினுக்குச் சொல்லப்பட்ட இடைவெளியில் மூன்று புதிய பிளக்குகள். கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று எழுத்தில் ஒரு சான்று; கெட்டிருந்தால் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். தேவையில்லாமல் வாங்கிய 650 ரூபாயும் 2,360 ரூபாயும் திரும்ப வேண்டும். வாடகை ஜீப் செலவைத் தர வேண்டும். வேலை முடிந்ததும் உங்கள் ஆள் ஒருவர் என்னோடு உட்கார்ந்து இருபதாவது வளைவு வரை வர வேண்டும். இந்தக் கடைசியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமல் நானே பேசலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஐந்து ஜாப் கார்டுகள், பில்கள், போட்டோ, வீடியோ எல்லாம் தேதிவாரியாகத் தயாராக இருக்கின்றன. அந்த ஏப்ரல் 21 அழைப்பின் பதிவையும் அங்கே கேட்டு வாங்குவேன். அவ்வளவு தூரம் போகவிடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். இந்த வண்டி எனக்குப் பிடிக்கும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், ஏற்காடு

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஷோரூமிலிருந்து ஒரு பெண் அழைத்தார். ஜூன் 2 சர்வீஸுக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போடச் சொல்லி மரியாதையாகக் கேட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டாவது சிலிண்டர் காயில் போய்விட்டது என்று சொன்னேன், குறித்துக்கொள்கிறேன் என்றார். அது எங்காவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.