டியூட்டி முடிந்ததும் படி

அன்பு மகளுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்துபோன வலது கை விரல்களை இப்போது மடக்குகிறார். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், கடிதம் என்றதும் நீ பயந்துவிடுவாய்.

சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ம்" என்று வைத்துவிடுகிறாய்.

அப்பா இருந்த வார்டில் இரவுக்கு இரண்டே சிஸ்டர்கள். கட்டில் போதாமல் நடைவழியிலும் நோயாளிகள். அப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள், படுக்கைப் புண் வரக்கூடாதென்று. ஒவ்வொரு முறையும் "ஐயா, இந்தப் பக்கம் திருப்புறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்கள். பேச்சு போய்க் கிடந்த மனுஷனிடம்! அவர் தண்ணீருக்கு வாயைக் காட்டினார், நான் டம்ளரை எடுத்துவிட்டேன். சிஸ்டர் என்னை அதட்டவில்லை. "விழுங்க முடியுதான்னு பார்க்காம கொடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும்மா" என்று சொல்லி, ஈரப் பஞ்சால் உதட்டை மட்டும் நனைத்தாள். உன் வயசுதான் இருக்கும். நீயும் இப்படித்தான் செய்வாய் என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

ஒருநாள் விடியற்காலையில் எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவர் போய்விட்டார். அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டு, அவர் மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுத்தவருக்கு ஊசி போடப் போனாள். அழ அவளுக்கு நேரமே கொடுக்கவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது. அன்றைக்கு முழுக்க உன் நினைப்புதான்.

உன் வார்டில் நடந்ததை நான் கேட்கவில்லை. உன் ரூம்காரப் பெண்தான் சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அப்பா படுத்திருந்தபோது நீ வரவில்லையே என்று சித்தி பேசினாள். எனக்கும் மனசு கஷ்டப்பட்டது, மறைக்க மாட்டேன். ஆனாலும், நீ கிளம்பியிருந்தால் உன் நோயாளிகளை யார் பார்த்திருப்பார்கள் என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

ஒன்று படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில், வேலையால் மனசும் உடம்பும் ஓய்ந்துபோவதைப் பற்றி எழுதியிருக்கிறது. அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து நெருக்கடி நீண்ட நாள் சரிசெய்யப்படாமல் கிடப்பதால் வருவது என்கிறது. அப்படியென்றால் நீ பலவீனமானவள் இல்லை. ஆள் போடாதவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் நின்றீர்கள் என்று எழுதிக் கொடு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். லீவும் கேள். உங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் இருப்பாரே, போய்ப் பார். நோயாளிக்கு நீ சொல்வதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நைட் முடிந்து வந்ததும் போனை அணைத்துவிட்டுத் தூங்கு. தூங்கி எழுந்த பிறகு கூப்பிடு, ராத்திரியானாலும் பரவாயில்லை. நான் எதுவும் துருவ மாட்டேன். அப்பாவும் பேசுவார். வார்த்தை மெதுவாகத்தான் வரும், நீ எடுத்துக் கொடுக்காதே, அவரே சொல்லி முடிக்கட்டும் என்று தெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார்.

அம்மா